குறுக்கீட்டு எண் கிடைக்காதபோது கர்னல் எதைத் திருப்பித் தர வேண்டும்: நான்கு வழிகளின் ஒப்பீடு

சுரங்கப்பாதைகளில் தேங்கும் மழைநீரை இறைக்கும் மோட்டார்களுக்கான கட்டுப்பாட்டுப் பலகைகளை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்றுக்கு, அந்தப் பலகைக்குள் ஓடும் சிறிய கர்னலை (இயக்க முறைமையின் மையப் பகுதியை) எங்கள் குழு பராமரித்து வருகிறது. இதுவரை பலகையில் ஆர்ம் கார்டெக்ஸ்-எம் வகைச் சில்லு ஒன்றே இருந்தது. அடுத்த பதிப்பு ரிஸ்க்-ஃபைவ் சில்லிலும், குறிப்பாகச் சென்னை ஐஐடியில் உருவான சக்தி வகைச் செயலிகளிலும், ஓட வேண்டும் என்பது திட்டம். இரண்டு வகைச் சில்லுகளுக்கும் ஒரே இயக்கி நிரல் என்று தீர்மானித்தவுடனேயே, இத்தனை நாள் யாரும் பொருட்படுத்தாமல் விட்டிருந்த ஒரு கேள்வி முன்னால் வந்து நின்றது. சாதனம் ஒன்று செயலியின் கவனத்தைக் கேட்டு எழுப்பும் சமிக்ஞையே குறுக்கீடு; அதை அடையாளம் காட்ட ஓர் எண் உண்டு. அந்தச் சாதனத்தை இயக்கும் நிரலான சாதன இயக்கி ‘எனக்குரிய குறுக்கீட்டு எண் எது’ என்று கர்னலைக் கேட்கிறது. அந்த எண் இல்லையென்றாலோ, இருந்தும் இப்போது தர முடியாவிட்டாலோ, கர்னல் என்ன மதிப்பைத் திருப்பித் தர வேண்டும்?

இப்போதைய நிலைமை சீராக இல்லை. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கைகள் எழுதிய இயக்கிகளில் சில, தோல்விக்குப் பூச்சியத்தைத் தருகின்றன. சில, குறை ஒன்றைத் தருகின்றன. சிறு சில்லுகளுக்கான இயக்க முறைமையான ஃப்ரீஆர்டாஸ் பழக்கத்திலிருந்து வந்தவர்கள் எழுதியவற்றில் வெற்றிக்கு 1, தோல்விக்கு 0 என்ற வழக்கம் இருக்கிறது. லினக்ஸ் பழக்கத்திலிருந்து வந்தவர்கள் எழுதியவற்றில் வெற்றிக்கு 0, தோல்விக்குக் குறை எண். ஒருவர் வெற்றி என்று எழுதியதை அடுத்தவர் தோல்வி என்று படிக்க நேரும் இந்த நிலையில், நிரல் இதுவரை ஓடியதற்குக் காரணம் எல்லா எண்களும் ஒரே பலகைக்கு ஏற்பக் கையால் எழுதி வைக்கப்பட்டிருந்ததுதான். கேட்டால் எண் கிடைக்காத சூழ்நிலையே அங்கே எழவில்லை.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன், வன்பொருள் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட வேண்டும். ஏனெனில் இந்த விவாதத்தில் பாதிக் குழப்பம் அங்கிருந்தே தொடங்குகிறது. ரிஸ்க்-ஃபைவின் பி.எல்.ஐ.சி. என்ற குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தியில் எண் 0 ஒதுக்கி வைக்கப்பட்டது. ‘குறுக்கீடு எதுவும் இல்லை’ என்பதே அதன் பொருள். நிலுவையில் எதுவும் இல்லாதபோது அதன் கோரல் பதிவகத்தைப் படித்தால் பூச்சியமே கிடைக்கும். இதைப் பார்ப்பவர், பூச்சியத்தையே தோல்விக் குறியாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் எங்கள் பழைய பலகையின் எஸ்.டி.எம்.32 எஃப்103 சில்லில் எண் 0 ஓர் உண்மையான குறுக்கீடு: சாளரக் காவல் நேரங்காட்டி எழுப்புவது. பழைய ஐபிஎம் வகைக் கணினிகளிலும் எண் 0 நேரங்காட்டிக்கு உரியது. ஆக, பூச்சியத்துக்கு வன்பொருள் உலகில் பொதுவான பொருள் கிடையாது.

குறை எண்களுக்கும் இதே சிக்கல் உண்டு என்பதைத்தான் எங்கள் குழுவில் பலர் எதிர்பார்க்கவில்லை. ஆர்ம் நிறுவனத்தின் சிம்சிஸ் என்ற பொது இடைமுகத்தின் தலைப்புக் கோப்புகளில், செயலியின் உள் விதிவிலக்குகளுக்குக் குறை எண்களே குறுக்கீட்டு எண்களாகக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. சிஸ்டிக் நேரங்காட்டிக்கு −1, நினைவக மேலாண்மைப் பிழைக்கு −12, மறைக்க முடியாத குறுக்கீட்டுக்கு −14. இவற்றை யூனிக்ஸ் மரபின் பிழைக்குறியீடுகளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: −1 என்பது அனுமதி மறுப்பு, −12 என்பது நினைவகப் பற்றாக்குறை, −14 என்பது தவறான முகவரி. நினைவகம் போதவில்லை என்று கர்னல் சொன்ன பதிலை, நினைவக மேலாண்மைப் பிழையின் குறுக்கீட்டு எண் என்று இயக்கி எடுத்துக்கொண்டு அதற்கே கையாளியை (குறுக்கீடு வந்ததும் ஓடும் நிரல்துண்டை) பதிவு செய்யப் புறப்பட்டால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. வன்பொருள் எண்ணை அப்படியே இயக்கிகளுக்குத் தரும் வரையில், எந்த மதிப்பைத் தோல்விக் குறியாகத் தேர்ந்தெடுத்தாலும் அது ஏதோ ஒரு சில்லில் உண்மையான எண்ணோடு மோதும். கர்னல் தனக்கென்று ஒரு தர்க்க எண்வரிசையை வைத்துக்கொண்டு, வன்பொருள் எண்களை அதற்குள் பொருத்துவது எந்த வழிக்கும் முன்நிபந்தனை. லினக்ஸில் ‘ஐஆர்க்யூ டொமைன்’ என்ற அடுக்கு செய்வது இதைத்தான். எங்களிடம் அந்த அடுக்கு இல்லை. எந்த வழியைத் தேர்ந்தாலும் அதை எழுதித்தான் ஆக வேண்டும் என்பதால், அந்த உழைப்பை எந்த வழியின் செலவுக் கணக்கிலும் நான் சேர்க்கவில்லை.

முதல் வழி, தோல்வி என்றால் பூச்சியம். தர்க்க எண்கள் 1 இலிருந்து தொடங்கும். எண்ணைத் தேடித் தரும் செயற்கூறு (ஃபங்ஷன்) குறியற்ற முழுஎண்ணைத் தரும். பூச்சியம் வந்தால் எண் இல்லை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் நெடுங்காலமாக வலியுறுத்தி வந்த நிலைப்பாட்டின் வேர் இதுவே: ‘குறுக்கீடு இல்லை’ என்பதற்குப் பூச்சியமே இயல்பான மதிப்பு, ஏனெனில் நிரப்பப்படாத ஒரு கட்டமைப்பில் அந்தப் புலம் தானாகவே பூச்சியமாகத்தான் இருக்கும். லினக்ஸின் பழைய செயற்கூறுகளான ‘ஐஆர்க்யூ கிரியேட் மேப்பிங்’, ‘ஐஆர்க்யூ ஆஃப் பார்ஸ் அண்டு மேப்’ ஆகியவை இன்றும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. எளிமை என்ற அளவில் இதை விஞ்ச வேறு வழி இல்லை.

ஆனால் பூச்சியம் காரணத்தைச் சொல்லாது. எங்கள் பலகையில் நீர்மட்டத்தைக் காட்டும் மிதவை சுவிட்ச் நேரடியாகச் சில்லில் இணைக்கப்படவில்லை. ஐ2சி என்ற தொடர் தரவுத் தடத்தில் உள்ள ஒரு விரிவாக்கச் சில்லின் வழியாக வருகிறது. அந்த விரிவாக்கச் சில்லின் இயக்கி ஏறும் முன்பே மிதவை சுவிட்சின் இயக்கி ஏறினால், கேட்ட எண் அப்போது கிடைக்காது. சிறிது நேரம் கழித்துக் கேட்டால் கிடைக்கும். ‘இந்தப் பலகையில் அந்தச் சுவிட்சே கிடையாது’ என்பதற்கும் ‘பொறு, பிறகு வா’ என்பதற்கும் ஒரே பூச்சியத்தைத் தந்தால், இயக்கி என்ன முடிவுக்கு வர முடியும்? லினக்ஸில் இந்தத் தேவைக்காகவே 2012ஆம் ஆண்டில் ‘ஈப்ரோப் டிஃபர்’ என்ற குறியீடு, 517 என்ற எண்ணுடன், கொண்டுவரப்பட்டது. 512க்கு மேற்பட்ட இத்தகைய எண்கள் கர்னலுக்குள் மட்டுமே புழங்குபவை; பயனர் நிரல்களின் கண்ணில் படக் கூடாதவை. பூச்சியத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேறுபாட்டைச் சொல்ல இயலாது. சாதனங்கள் எல்லாம் ஒரே சில்லுக்குள் அடங்கிய பலகையாக இருந்தால் நான் முதல் வழியையே பரிந்துரைத்திருப்பேன்.

இரண்டாவது வழி, தோல்வி என்றால் பெயருள்ள குறை எண். வெற்றி என்றால் மிகை எண். பூச்சியம் ஒருபோதும் வராது. லினக்ஸின் ‘பிளாட்ஃபார்ம் கெட் ஐஆர்க்யூ’ இன்று நிற்கும் இடம் இதுதான், ஆனால் அது ஒரே நாளில் இங்கே வந்து சேரவில்லை. நீண்ட காலம் அது பூச்சியத்தையும் திருப்பித் தரக்கூடியதாகவே இருந்தது. முதலில், பூச்சியம் வந்தால் எச்சரிக்கை அச்சிடுவது என்று ஆயிற்று; பிறகு 2022இல் பூச்சியத்தை ‘ஈஇன்வால்’ (தவறான மதிப்பு) பிழையாகவே மாற்றிவிட்டார்கள். இதே தூய்மைப்பணி 2023இல் ‘எஃப்டபிள்யூநோட் ஐஆர்க்யூ கெட்’ என்ற உறவுச் செயற்கூறுக்கும் நடந்தது. அது தோல்வியில் சில வேளை குறை எண்ணையும், எண்ணைப் பொருத்த முடியாத வேளையில் பூச்சியத்தையும் தந்துகொண்டிருந்தது. ஆவணத்தில் சொன்னது ஒன்று, நிரல் செய்தது வேறு.

ஒழுங்கின்மையின் விலையை இந்த இடத்தில் தெளிவாகப் பார்க்கலாம். பூச்சியமும் தோல்வி, குறை எண்ணும் தோல்வி என்று அறிந்த கவனமான ஒருவர், ‘மதிப்பு பூச்சியமோ அதற்குக் கீழோ என்றால், அந்த மதிப்பையே திருப்பித் தந்து வெளியேறு’ என்று எழுதுகிறார். பார்வைக்குப் பழுதில்லாத வரி. ஆனால் இயக்கியின் தொடக்கச் செயற்கூறில் பூச்சியம் என்றால் வெற்றி. குறுக்கீட்டு எண் பூச்சியமாக வந்த வேளையில் அந்த வரி, தோல்வியைப் பார்த்துவிட்டு, வெற்றி என்று அறிவித்துப் போய்விடும். சாதனம் ஏறிவிட்டதாகப் பதிவேட்டில் இருக்கும். கையாளி எதுவும் பதிவாகியிருக்காது. எங்கள் பலகையில் அப்படி நடந்தால், மிதவை மேலே எழும்பியும் மோட்டார் ஓடாது. அது மார்ச் மாதத்தில் நடந்தால் யாருக்கும் தெரியாது, நவம்பர் மழையில்தான் தெரியும்.

இரண்டாவது வழிக்குரிய பொறி வேறொன்று உண்டு. திரும்பி வரும் மதிப்பைக் குறியற்ற மாறியில் வாங்கிவிட்டு, ‘பூச்சியத்துக்குக் கீழா’ என்று கேட்டால் அந்த நிபந்தனை ஒருநாளும் நிறைவேறாது. −6 என்ற பதில் 32 பிட் குறியற்ற மாறியில் 4294967290 ஆகிவிடும். இயக்கி அந்த எண்ணைக் குறுக்கீட்டு எண்ணாகவே நம்பும். இது நடைமுறையில் மீண்டும் மீண்டும் நிகழ்கிற தவறு. நல்லவேளையாக ஜிசிசி தொகுப்பியின் ‘டைப் லிமிட்ஸ்’ எச்சரிக்கை இந்த ஒப்பீட்டைக் கண்டுபிடித்துவிடுகிறது. அந்த எச்சரிக்கையைப் பிழையாக உயர்த்தி வைத்தால் நிரல் தொகுப்பாகாமலேயே நின்றுவிடும். கருவி பிடித்துக்கொள்ளும் தவறை நான் பாதித் தவறாகவே எடைபோடுகிறேன்.

மூன்றாவது வழிக்கு ஆதரவாளர்கள் எங்கள் குழுவிலேயே இருந்தார்கள். மிகை எண் என்றால் குறுக்கீட்டு எண், பூச்சியம் என்றால் ‘அந்தக் குறுக்கீடு இந்தப் பலகையில் இல்லை, ஆனால் இது பிழையன்று’, குறை எண் என்றால் உண்மையான பிழை. குறுக்கீடு இல்லாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் தானே சென்று பார்த்து வேலை செய்யக்கூடிய சாதனங்களுக்கு இந்த மூன்று நிலைகளும் தேவை என்பது உண்மை. லினக்ஸிலும் 2022இன் தொடக்கத்தில் இதே விவாதம் நீண்டது. 2019இல் ‘பிளாட்ஃபார்ம் கெட் ஐஆர்க்யூ’ தானே பிழைச் செய்தியை அச்சிடத் தொடங்கியபோது, குறுக்கீடு இல்லாததைப் பிழையாகக் கருதாத இயக்கிகளுக்காக, செய்தி அச்சிடாத ‘ஆப்ஷனல்’ வடிவம் ஒன்று சேர்க்கப்பட்டது. மற்ற துணை அமைப்புகள் பலவற்றில் ‘ஆப்ஷனல்’ என்ற சொல் வரும் செயற்கூறுகள், பொருள் இல்லாதபோது பிழையைத் தராமல் வெற்று மதிப்பைத் தருகின்றன. இதுவோ ‘ஈஎன்எக்ஸ்ஐஓ’ (அப்படியொரு சாதனம் இல்லை) பிழையைத் தருகிறது. அதனால் இதையும் பூச்சியம் தரும்படி மாற்ற வேண்டும் என்று ஒரு தரப்பும், மாற்ற வேண்டியது பெயரைத்தான் என்று இன்னொரு தரப்பும் வாதிட்டன.

பெயர்ப் பொருத்தம் பற்றிய வாதத்தில் நியாயம் இருந்தாலும், நான் மூன்றாவது வழிக்கு எதிராகவே நிற்கிறேன். கடிகாரச் சமிக்ஞையையோ மீட்டமைப்புக் கட்டுப்பாட்டையோ ‘ஆப்ஷனல்’ வடிவத்தில் கேட்கும்போது வெற்றுப் பாயின்டர் (எந்த நினைவக முகவரியையும் சுட்டாத மதிப்பு) வந்தால், அதை அப்படியே அடுத்த செயற்கூறுக்குக் கொடுக்கலாம். அது ஒன்றும் செய்யாமல் வெற்றி என்று திரும்பும். அந்த ஏற்பாட்டில் வெற்று மதிப்புக்குப் பயன் உண்டு. குறுக்கீட்டு எண் பூச்சியமாக வந்தால் அதைக் கொண்டு பதிவு செய்யவே முடியாது. இயக்கி எப்படியும் நின்று, சோதித்து, வேறு பாதையில் போக வேண்டும். எப்படியும் சோதிக்க வேண்டிய இடத்தில், பூச்சியத்தோடு ஒப்பிடுவதைக் காட்டிலும் பெயருள்ள ஒரு குறியீட்டோடு ஒப்பிடுவது படிப்பவருக்கு விளங்கும். மேலே சொன்ன ‘பூச்சியமோ அதற்குக் கீழோ’ என்ற வரியின் பொறியும் மூன்றாவது வழியில் அப்படியே உயிரோடு இருக்கிறது.

நான்காவது வழி, நிலையையும் எண்ணையும் பிரித்துவிடுவது. செயற்கூறு வெற்றி தோல்வியை மட்டும் திருப்பித் தரும். எண்ணை, அழைப்பவர் கொடுத்த பாயின்டரின் வழியாக எழுதிவைக்கும். விண்டோஸின் இயக்கி இடைமுகம் ஏறத்தாழ இந்த மரபில் வருகிறது: நிலைக்குறியீடு தனியாகத் திரும்பும், குறுக்கீட்டுப் பொருள் பாயின்டர் வழியே கிடைக்கும். கோட்பாட்டளவில் நான்கில் தூய்மையானது இதுவே. ஒரு மதிப்புக்கு இரண்டு பொருள் என்ற சிக்கலுக்கு இங்கே இடமே இல்லை. நடைமுறையில், தோல்விக்குப் பின் அந்த மாறியில் என்ன இருக்கும் என்ற கேள்வி பின்வாசல் வழியாக வந்துவிடுகிறது. நிலையைச் சோதிக்க மறந்த இயக்கி, நிரப்பப்படாத மாறியை எண்ணாக எடுத்துக்கொள்ளும். மேலும் எங்களிடம் இருக்கும் ஒவ்வொரு இயக்கியின் அழைப்பு வரியையும் மாற்றி எழுத வேண்டும். புதிதாகத் தொடங்கும் கர்னலாக இருந்தால் இதைத்தான் தேர்ந்திருப்பேன் என்று குழுவில் ஒருவர் சொன்னார். மறுக்க என்னிடம் வலுவான காரணம் இல்லை.

எண்ணைக் கேட்கும் செயற்கூறைப் பற்றி எடுக்கும் முடிவு, கையாளியைப் பதிவு செய்யும் செயற்கூறுக்குப் பெரும்பாலும் பொருந்தும்: அங்கே திரும்பி வர வேண்டிய எண் எதுவும் இல்லாததால், வெற்றிக்குப் பூச்சியம், தோல்விக்குக் குறை எண் என்பதில் கருத்து வேறுபாடு எழவில்லை. ஆனால் கையாளியே திருப்பித் தரும் மதிப்பு முற்றிலும் வேறு இனம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கையாளி ஓடும்போது, பிழையை எடுத்துச் சொல்ல அதற்கு மேலே அழைப்பவர் என்று யாரும் இல்லை. கர்னல் அதனிடம் எதிர்பார்ப்பது ஒரே ஒரு பதில்: இந்தக் குறுக்கீடு உன்னுடையதா? ஒரே அழைப்பு மணியை மூன்று வீடுகள் பகிர்ந்துகொள்ளும் மாடிக் குடியிருப்பில், மணி அடித்தால் ஒவ்வொரு வீட்டாரும் ‘எங்களுக்கு’ அல்லது ‘எங்களுக்கில்லை’ என்று சொல்வதைப் போன்றது இது. யார் வீட்டில் சமையல் கருகிவிட்டது என்பது அந்தக் கேள்விக்குப் பதிலாகாது.

லினக்ஸில் கையாளி தர வேண்டியவை மூன்று: என்னுடையது இல்லை என்பதற்கு 0, கவனித்துவிட்டேன் என்பதற்கு 1, மீதி வேலையைச் செய்யும் இழையை எழுப்பு என்பதற்கு 2. யூனிக்ஸ் வழிவந்த மற்றோர் இயக்க முறைமையான ஃப்ரீபிஎஸ்டியில் இதே மூன்று கருத்துகளுக்கும் 1, 2, 4 என்ற வேறு எண்கள் வழங்குகின்றன. அங்கே பிழைக்குறியீடுகளும் குறை எண்ணாக அல்லாமல் மிகை எண்ணாகவே திரும்புகின்றன. இரண்டு அமைப்புகளின் இயக்கிகளையும் படித்துப் பழகியவர்கள் இந்த இடத்தில் இடறுவது எளிது. லினக்ஸில் கையாளி பழக்கத்தால் ‘ஈஇன்வால்’ போன்ற பிழையைத் திருப்பித் தந்தால், அது பொருளற்ற மதிப்பு என்று கர்னல் புகார் எழுதும். அதேபோல், ஒரு குறுக்கீட்டுத் தடத்தில் 1,00,000 குறுக்கீடுகளில் 99,900க்கு மேல் யாரும் தம்முடையது என்று சொல்லாவிட்டால், அந்தத் தடத்தையே கர்னல் அடைத்துவிடும். தம்முடையதைத் தம்முடையது என்று சொல்லத் தவறும் ஒரு கையாளி, அதே தடத்தைப் பகிரும் மற்ற சாதனங்களையும் ஊமையாக்கிவிட முடியும். ஆகவே கையாளியின் பதிலுக்குத் தனித் தரவினம் வைக்க வேண்டும், அதைச் சாதாரண முழுஎண்ணாக அறிவிக்கக் கூடாது. சாதனப் பிழைகளைக் கையாளி தன் சாதனக் கட்டமைப்பில் குறித்து வைக்கட்டும். பின்னர் ஓடும் இழை அதைப் படித்துக்கொள்ளும்.

இவற்றையெல்லாம் எடைபோட்ட பின் நான் முன்வைத்தது இரண்டாவது வழி. பெயர்களை யூனிக்ஸ் மரபிலிருந்தே எடுத்துக்கொள்வது நல்லது, ஆனால் எண்களை எங்கும் நேரடியாக எழுதக் கூடாது. லினக்ஸிலேயே, செயல்படுத்தப்படவில்லை என்ற பொருள் தரும் ‘ஈனோசிஸ்’ பெரும்பாலான செயலிகளில் 38; மிப்ஸ் செயலியில் 89. பெயர் ஒன்றாக இருக்க, எண் மாறுவதற்கு இது நல்ல சாட்சி. பலகை விவரிப்பில் அந்தக் குறுக்கீடே இல்லையென்றால் ‘ஈஎன்எக்ஸ்ஐஓ’, அதாவது −6. தருகிற கட்டுப்படுத்தி இன்னும் ஏறவில்லையென்றால் ‘ஈப்ரோப் டிஃபர்’. தர்க்க எண் அட்டவணை நிரம்பிவிட்டால் ‘ஈஎன்ஓஸ்பிசி’, −28. விவரிப்பே தவறாக எழுதப்பட்டிருந்தால் ‘ஈஇன்வால்’, −22. பதிவு செய்யும்போது தடத்தை வேறொருவர் பகிராத முறையில் பிடித்திருந்தால் ‘ஈபிசி’, −16. இந்த ஐந்துக்கு வெளியே ஒரு குறியீட்டைப் புதிதாகச் சேர்க்க வேண்டுமென்றால், அழைப்பவர் அதைப் பார்த்து வேறு விதமாக நடந்துகொள்வார் என்பதை முன்வைப்பவர் காட்ட வேண்டும். நடத்தையை மாற்றாத குறியீடு, பதிவேட்டில் ஒரு செய்தியாக இருந்தால் போதும்.

இடையில் வரும் எந்த அடுக்கும் தனக்குக் கிடைத்த குறியீட்டை வேறொன்றாக மாற்றக் கூடாது என்பதையும் விதியாகச் சேர்த்திருக்கிறோம். எந்தத் தோல்வியாக இருந்தாலும் ‘ஈனோடெவ்’ என்று மாற்றித் திருப்பித் தரும் பழைய இயக்கிகள் எங்களிடம் உள்ளன. ‘பிறகு வா’ என்ற பதில் அவற்றைக் கடக்கும்போது ‘சாதனமே இல்லை’ என்று ஆகிவிடும், அதன் பிறகு அந்த இயக்கி மறுபடி முயலாது. சீரான குறியீடுகளை வகுத்துவிட்டு இதை விட்டுவைத்தால், செய்த வேலை முழுவதும் வீண்.

மாற்றும் வரிசையிலும் ஒரு தேர்வு இருக்கிறது. இயக்கிகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு, கர்னலின் செயற்கூறைக் கடைசியில் மாற்றலாம். அல்லது செயற்கூறை முதலில் மாற்றி, பூச்சியம் உருவாகும் இடத்தில் எச்சரிக்கை எழுதச் செய்து, அதைப் பின்தொடர்ந்து இயக்கிகளைத் திருத்தலாம். முதல் முறையில், மாற்றம் முடியும் வரை இரண்டு வழக்கங்களும் கலந்தே இருக்கும். எந்த இயக்கி எந்தப் பக்கம் என்று யாராவது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். லினக்ஸ் நடந்த பாதை இரண்டாவது. முதலில் எச்சரிக்கை, பிறகு தடை. நாங்களும் அதையே எடுத்துக்கொள்கிறோம். புதிய செயற்கூறின் பதிலைப் பயன்படுத்தாமல் விட்டால் தொகுப்பி குறை சொல்லும்படி அறிவித்திருக்கிறோம். மிதவை சுவிட்ச், மோட்டார் மின்னோட்ட உணரி ஆகிய இரண்டின் இயக்கிகள் முதலில் திருத்தப்படும்; விரிவாக்கச் சில்லை வேண்டுமென்றே தாமதமாக ஏற்றியும், அதைப் பலகையிலிருந்து கழற்றி வைத்தும், அட்டவணையை நிரப்பி வைத்தும் அவை சோதிக்கப்படும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் இந்த இரண்டு இயக்கிகளும் களப் பலகைகளுக்குச் சென்றுவிட வேண்டும். திரை, பொத்தான்கள், தொடர் இணைப்பு ஆகியவற்றின் இயக்கிகள் ஜனவரி வரை எச்சரிக்கையோடு ஓடலாம்.